தூணோரத்து நாற்காலிக்காரருக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

வணக்கம்.

வெள்ளத்துக்குப் பிறகு நம் காபிக்கடையில் மறுபடி பாட்டு நடந்த முதல் நாள் நேற்று. ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வரும்போது மணி பன்னிரண்டு. படுத்தேன், தூக்கம் வரவில்லை. அந்தக் கடைசிப் பாட்டும், அது முடிந்ததும் யாரும் கைதட்டாமல் ஒரு நொடி அப்படியே இருந்தீர்களே, அந்த அமைதியும் காதுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. சரி, புரண்டுகொண்டிருப்பதைவிட எழுந்து இதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் நன்றாக எழுத வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடும், அப்புறம் சொல்ல வேண்டியது விட்டுப்போகும்.

என்ன நடந்தது என்று மறுபடி விவரிக்கப் போவதில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் வெள்ளம் வந்த அந்தக் காலையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவர்கள், மீதிப் பேர் படங்களில் பார்த்தவர்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்று காட்டும் கோடு சுவரில் இன்னும் இருக்கிறது. அதன் மேல் வண்ணம் அடிக்க வேண்டாம் என்று கூட்டத்தில் எல்லோருமாக முடிவு செய்துவிட்டோம்.

இந்தக் கடைக்கு முதலாளி கிடையாது. அதனால்தான் அன்றைக்கு எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது. முதலாளி இருக்கும் கடை என்றால் திறப்பதா மூடுவதா என்று அவர் ஒருவர் முடிவு செய்வார். நம் கடையோ முறை போட்டு வேலை பார்க்கிறவர்களாலும் மாதச் சந்தா கொடுக்கிறவர்களாலும் ஓடுகிறது. காபி போடுகிறவர் பகலில் வேறெங்கோ வேலை பார்க்கிறார், ஒலி பார்க்கிற நானும் அப்படித்தான். ஆளுக்கொரு சொந்தக் கஷ்டம் இருக்கிறது. இப்படி எல்லோருக்கும் பொதுவான ஒன்று, யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றாக மெல்லப் போய்விடக்கூடும். சேறு வாரி முடித்த இரண்டாம் நாள் சாயங்காலம் நான் அதைத்தான் நினைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த நினைப்பு தப்பு என்று காட்டியவர்கள் நீங்கள் எல்லோரும். சேறு வாரியவர்கள், நாற்காலிகளை வீட்டு மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய்க் காயவைத்தவர்கள், தன் வீட்டிலிருந்து வயர் இழுத்து எங்களுக்கு மின்சாரம் கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா, கணக்கெழுத ஆளில்லாமல் தவித்தபோது தேர்வுக்குப் படித்துக்கொண்டே இரவில் வந்து ரசீதுகளை வரிசைப்படுத்திய அந்த இரண்டு தம்பிகள், கடை மூடியிருந்த வாரங்களில் யார் யார் வீட்டுத் திண்ணையிலோ வாசித்துவிட்டு, விழுந்த காசை ஒரு பைசா எடுக்காமல் நம் டப்பாவில் கொண்டுவந்து போட்ட இசைக்கலைஞர்கள், காபி மிஷினைப் பிரித்து ஒவ்வொரு குழாயாகக் கழுவி மறுபடி பூட்டித் தந்தவர். உங்கள் எல்லோருக்கும் தனித்தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுதாமல் ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னியுங்கள்.

பியானோவுக்குச் சுதி சேர்க்க வருகிறவரைப் பற்றி மட்டும் இரண்டு வரி. தண்ணீர் வடிந்த வாரமே அவரைக் கூப்பிட்டேன். வந்தார், மூடியைத் திறந்து பார்த்தார், நாலைந்து கட்டைகளை அழுத்திப் பார்த்தார், மூடினார். "இப்ப கை வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஈரம் ஏறினால் உள்ளே இருக்கும் ஒலிப்பலகை உப்பும், கம்பிகள் இறுகிச் சுதி மேலே போகும். காய்ந்தால் திரும்பக் கீழே இறங்கும். மரம் ஒரு நிலைக்கு வருவதற்கு முன்னால் சுமார் 230 கம்பிகளையும் முறுக்கிச் சரிசெய்தாலும் அடுத்த மாதம் எல்லாம் கலைந்துவிடும் என்று பொறுமையாக விளக்கினார். அன்றைக்கே செய்து காசு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம், எங்களுக்குத் தெரிந்திருக்காது. வாரத்துக்கு ஒரு முறை சும்மா வந்து மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். போன வாரம்தான் சுதி சேர்க்கும் சாவியை எடுத்தார். நேற்று நீங்கள் கேட்டது அந்தக் கை.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது இன்னொருவருக்காக. பெயர் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், போடவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறவர்களுக்கு ஆளைத் தெரிந்திருக்கும். தூணுக்குப் பின்னால், மேடை பாதி மறையும் அந்த நாற்காலி. பால் இல்லாத காபி, சர்க்கரை வேண்டாம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார், கையைப் பெரிதாகத் தட்ட மாட்டார், முடிந்ததும் கோப்பையைத் தானே கழுவும் தொட்டியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். நான்கு வருஷமாகப் பார்க்கிறேன். "வணக்கம் ஐயா", "வரேன் தம்பி" தவிர ஒன்றும் பேசியதில்லை. மேடையைச் சரியாகப் பார்க்க முடியாத இடத்தில் ஏன் உட்காருகிறார் என்றுகூட நான் யோசித்ததில்லை.

மூன்றாம் நாள், ஒலிச் சாமான்களை எல்லாம் வெளியே வாரிப் போட்டிருந்தோம். மைக்குகள் மேல் அலமாரியில் இருந்ததால் தப்பின. கேபிள்கள் தரையோடு இருந்த பெட்டியில் கிடந்தன, 38 கேபிள். சேறோடு சேறாக, பாம்புக் குவியல் மாதிரி. அவற்றைக் குப்பை வண்டியில் ஏற்றத்தான் ஓரமாக ஒதுக்கியிருந்தேன். ஐயா வந்தார். குனிந்து ஒன்றை எடுத்து, முனையில் இருந்த பின்னைத் திருகிக் கழற்றி, உள்ளே பார்த்தார்.

"இதெல்லாம் தூக்கிப் போடப் போறீங்களா?"

"ஆமாங்க ஐயா, உள்ள தண்ணி போயிடுச்சு."

"நான் எடுத்துக்கட்டுமா?"

எதற்கோ வேண்டும் போலிருக்கிறது, செம்புக்காக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன். அப்படி நினைத்ததை இங்கே எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் முழுதாக உண்மையாக இருக்காது. இரண்டு சாக்கில் கட்டி, ஒன்றைத் தோளிலும் ஒன்றைக் கையிலுமாகத் தூக்கிக்கொண்டு போனார். வண்டி ஏற்பாடு செய்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார்.

பதினொரு நாள் கழித்துத் திரும்பி வந்தார். அதே இரண்டு சாக்கு, துவைத்துக் காயவைத்திருந்தார். உள்ளே 33 கேபிள்கள், ஒவ்வொன்றும் ஒரே அளவு வட்டமாகச் சுற்றி, துணிப் பட்டையால் கட்டி, ஒவ்வொன்றிலும் எண் எழுதி ஒட்டி. கூடவே ஒரு பழைய காகித உறையில் மீதி ஐந்தின் பின்கள் மட்டும். அந்த ஐந்தும் தேறாது, ஆனால் பின்கள் நல்ல பின்கள், வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

இது எவ்வளவு வேலை என்று ஒலி பார்க்காதவர்களுக்குத் தெரிந்திருக்காது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். கேபிளுக்குள் தண்ணீர் போனால் முனையோடு நிற்காது. செம்பு இழைகளுக்கு நடுவே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல உறைக்குள்ளேயே ஏறிக்கொண்டே போகும். போன இடமெல்லாம் செம்பு முதலில் கறுக்கும், அப்புறம் பச்சை பூக்கும். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது, ஒட்டியது போல இருந்து ஒரு மாதத்தில் விடும். அதனால் நுனியை வெட்ட வேண்டும். கறுப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டும், பளபளவென்று செம்பு தெரியும்வரை. அப்புறம்தான் மைக் கேபிளின் மூன்று இழையையும் பிரித்து, பழைய பின்னில் இருக்கும் ஈயத்தை உருக்கி எடுத்து, சுத்தம் செய்து, புதிதாகப் பற்றவைக்க வேண்டும். ஒரு கேபிளுக்கு இரண்டு முனை. திரும்பி வந்த கேபிள்களில் பெரும்பாலானவை ஒரு சாணோ இரண்டு சாணோ குட்டையாக இருந்தன. ஒன்றைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு புள்ளியும் கம்பு தானியம் அளவில், வழவழவென்று, ஒரு சொட்டு அதிகமில்லை. இவ்வளவு சுத்தமான வேலையை எங்கள் கடையில் யாரும் செய்ததில்லை, நான் உட்பட.

சாக்கின் அடியில் ஒரு பள்ளிக்கூட நோட்டும் இருந்தது. இரண்டு பக்கம். எண், நீளம், என்ன கோளாறு, என்ன செய்தார். "4: இரு முனையும் கறுப்பு, 30 செ.மீ. வெட்டியது." "9: நன்றாக இருந்தது, கழுவி உலர்த்தியது மட்டும்." இப்படியே போய், 17-க்கு எதிரே இப்படி எழுதியிருந்தார்: "கிட்டார் கேபிள். செம்பு வலை முனையில் அறுந்து இரண்டே இழையில் நின்றது. தண்ணீரால் அல்ல. முன்பே."

அதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு வருஷமாக நம் மேடையில் ஒரு உம்ம்ம் இருந்தது, நினைவிருக்கிறதா? ஒரு வாரம் வரும், ஒரு வாரம் வராது. பாடுகிறவர் கொஞ்சம் நகர்ந்தால் வரும், இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் போய்விடும். குளிர்பெட்டிதான் காரணம் என்று நிகழ்ச்சி நேரத்தில் அதை அணைத்து வைத்தோம். மேடை விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் திருகுதான் என்று அதைக் கழற்றினோம். கிட்டார் சத்தத்தைக் கூட்டும் ஆம்பை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றினோம். கிட்டார் கேபிளில் நடுவே ஒற்றை இழையும் அதைச் சுற்றி அந்த வலையும்தான். வெளியிலிருந்து வருகிற மின்சார இரைச்சலைத் தடுப்பது அந்த வலை. அது இரண்டு இழையில் ஊசலாடினால் கேபிள் அசையும்போதெல்லாம் இரைச்சல் உள்ளே வந்துபோகும். இவ்வளவும் எனக்குப் புத்தகமாகத் தெரியும். இருந்தும் நான் அந்த ஒரு பின்னைத் திறந்து பார்க்கவில்லை.

"ஐயா, இது முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"எந்தக் கேபிள்னு தெரியாது. ஏதோ ஒண்ணுல வலை விட்டிருக்குன்னு தெரியும். கேட்டாலே தெரியுமே."

"ஏன் சொல்லலை?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "பாட்டு நடக்கும்போது எப்படித் தம்பி சொல்றது? பாட்டு முடிஞ்சா இரைச்சல் மறந்துடும்."

தூணுக்குப் பின்னால் ஏன் உட்காருகிறார் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அங்கேதான் இரண்டு ஸ்பீக்கரின் சத்தமும் நேராக வந்து மோதாமல், சுவரில் பட்டு மெத்தென்று வருகிறதாம். அடுத்த நாள் நான் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஆமாம், அங்கேதான் நன்றாகக் கேட்கிறது. என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு "ஒயர் வேலைதான்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. கூலி என்ற பேச்சை எடுத்ததும் எழுந்துவிட்டார். "நாலு வருஷமா இங்க உட்காந்து கேட்டிருக்கேன்" என்றார். ஈயத்துக்காவது காசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியதற்கு, காபி மிஷின் ஓட ஆரம்பித்ததும் முதல் கோப்பை எனக்குக் கொடுங்கள் என்றார். கொடுத்தோம். நேற்று முதல் கோப்பை அவருக்குத்தான்.

இங்கே ஒரு தங்கையிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். போன வருஷம் முதல் முறையாக மேடை ஏறி, இரண்டாவது பாட்டில் அந்த இரைச்சல் வந்து, "என் கிட்டார்ல ஏதோ பிரச்சினை, மன்னிச்சிடுங்க" என்று பாதியில் இறங்கிப் போனாயே, அது உன் கிட்டார் இல்லை அம்மா. எங்கள் கேபிள். எண் 17. நீ கிட்டாரைப் பழுதுபார்க்கக் கொடுத்ததாகவும் அவர்கள் ஒன்றுமில்லை என்று திருப்பித் தந்ததாகவும் பின்னால் கேள்விப்பட்டேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நேற்று நீ மறுபடி வந்து உட்கார்ந்தபோது அதே கேபிளைத்தான் உன் கையில் கொடுத்தேன். பாட ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு நொடி நீ இரைச்சல் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டாய். வரவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

ஐயா கேபிள் சுற்றவும் எனக்குக் கற்றுக்கொடுத்தார். இதுவரை உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சரசரவென்று சுற்றிப் பெட்டியில் எறிந்துகொண்டிருந்தேன். அப்படிச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் கேபிள் ஒரு முறுக்கு வாங்கும், உள்ளே இழைகள் மெல்ல மெல்லப் பிய்யும். ஒரு சுற்றை நேராகவும் அடுத்த சுற்றைக் கையை உள்பக்கம் திருப்பியும் போட வேண்டும். ஒரு முறுக்கை அடுத்தது எடுத்துவிடும். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வீசினால் சிக்கில்லாமல் நேராகப் போய் விழும். நேற்று நிகழ்ச்சி முடிந்ததும் ஆளுக்கு ஒரு வேலையாக எல்லோரும் கிளம்பிய பிறகு 33-ஐயும் நானே உட்கார்ந்து அப்படிச் சுற்றினேன். முக்கால் மணி நேரம் ஆனது. இனி நான் முறை பார்க்கிற ஒவ்வொரு இரவும் இதைச் செய்வேன், எவ்வளவு நேரமானாலும் சரி. சால்டர் பிடிக்கவும் அவரிடம் கற்றுக்கொள்ளப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொல்லியிருக்கிறார். வேறு யாருக்காவது ஆர்வமிருந்தால் சொல்லுங்கள்.

இந்த வாரங்களில் தூக்கம் வராத இரவுகளில் நம்மைப் போன்ற கடைகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் ஸிம்மர்மன் என்பவருடைய காபிக்கடையில், 1729-இல் இசையமைப்பாளர் பாக் பொறுப்பேற்ற இசைக்குழு குளிர்கால வெள்ளிக்கிழமைகளில் இரவு எட்டிலிருந்து பத்துவரை வாசித்திருக்கிறது. அங்கேயும் வெள்ளிக்கிழமைதான் என்று படித்தபோது அந்த நிலைமையிலும் ஒரு சந்தோஷம். அமெரிக்காவில் சரடோகா ஸ்பிரிங்ஸில் லீனா ஸ்பென்சர் கணவரோடு சேர்ந்து 1960-இல் தொடங்கிய காபிக்கடை ஒன்று இருக்கிறது. கடைசிவரை அதைத் தூக்கிச் சுமந்தவர் லீனாதான். 1989-இல் அவர் இறந்த பிறகு, கேட்க வந்துகொண்டிருந்தவர்களே சேர்ந்து அதை லாபநோக்கில்லாத அமைப்பாக்கி நடத்தினார்கள், இன்றைக்கும் பாட்டு நடக்கிறது. அதைப் படித்த அன்று நான் நினைத்துக்கொண்டது மேடையில் நின்றவர்களைப் பற்றி இல்லை. லீனா போன மறுவாரம் அந்தக் கடைக்குள் போய் முதலில் விளக்கைப் போட்டவர் யாராக இருக்கும் என்றுதான். அந்த ஊர்த் தூணோரத்திலும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறோம். ஐயா கேட்டதில்லை, நாங்களாகச் செய்தது. காபிக்கொட்டை அரைக்கிற மிஷின் இனிமேல் பாட்டுக்கு நடுவே ஓடாது. பால் நுரைக்கிற ஆவிக்குழாயும்தான். முன்கூட்டியே அரைத்து வைக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அரைத்த பொடியின் மணம் காற்றுப்பட்டதும் போக ஆரம்பித்துவிடும், அதில் போட்ட காபியை உங்களுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அதனால் பாட்டு முடியும்வரை காபி காத்திருக்கும், நீங்களும் கொஞ்சம் காத்திருங்கள். நாலு வருஷமாக ஒருவர் அந்தச் சத்தங்களுக்கு நடுவிலும் எது பாட்டு, எது இரைச்சல் என்று பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவ்வளவு நன்றாகக் கேட்கிறவர்கள் வருகிற இடத்தில் எங்களால் ஆன மட்டும் இரைச்சலைக் குறைக்க வேண்டாமா?

ஐயா, நீங்கள் இதைப் படிப்பீர்களா என்று தெரியாது. யாராவது படித்துக் காட்டினால் இவ்வளவு நீளமாக எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் உங்களைச் செம்புக்காக வந்தவர் என்று நினைத்தேன். அதற்கு மன்னிப்பு. மற்றதற்கெல்லாம் நன்றி.

காயவைக்க எடுத்துப்போன நாற்காலிகளில் மூன்று இன்னும் வரவில்லை. யாரிடம் இருந்தாலும் அவசரமில்லை, அடுத்த முறை வரும்போது எடுத்து வாருங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஏழரைக்குப் பாட்டு. காபி வேண்டுகிறவர்கள் ஏழேகாலுக்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.